உன் பக்கம் தள்ளாத பனி

கார்னா பாதை, மேல் மிஷிகன்
27 அக்டோபர் 1996

தம்பி தவுனோவுக்கு,

இது பேச்சு அல்ல. ஏப்ரலில் நாம் நீராவிக் குளியல் போடும் உன் சௌனா வாசலில் நின்றுகொண்டு, "இனி உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா நான் கார்னா வீட்டுப் பிள்ளை இல்ல" என்று நீ சொன்னாய். "எனக்கும் அதேதான்டா" என்று நானும் சொன்னேன். அதிலிருந்து நான் மாறவில்லை. நான் அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன் அண்ணி சைமா மேசையில் உட்கார்ந்து எழுதுகிறாள். கடிதம் பேச்சில் சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். செப்டம்பரில் நீ ஃப்ளோரிடாவுக்குப் பஸ் ஏறிய மறுவாரமே சைமாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே மெஷினோடு இணைத்து ரத்தத்தைக் கழுவி அனுப்புகிறார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும் என்றார் டாக்டர். மூன்றாவது முறையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கவுண்டியின் பனி வண்டி பெரிய சாலையை மட்டும்தான் துடைக்கும். தபால் பெட்டியிலிருந்து நம் வாசல்வரை உள்ள கால் மைல் இத்தனை வருஷமும் உன் பாடாக இருந்தது. இப்போது என் பாடு. டிரக்கில் பனி தள்ளும் பிளேடு கட்டி ஓட்டும் ரே ஹோல்மைக் கேட்டேன். "உன் பாதையில ஒரு மேடு, ஒரு வளைவு. ரெண்டும் என் வண்டி அச்சைத் தின்னுடும். வேற ஆளப் பாரு" என்றான். வேறு ஆள் இல்லை.

அதனால் உன் லோடர் மெஷின்தான். கொட்டகையில் நீ விட்டுப்போனபடியே நிற்கிறது: முன்னால் மண் அள்ளும் பக்கெட், கீழே கோடைக்கால டயர். நீ அதை முதன்முதலில் கொண்டுவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எழுபத்தெட்டு நவம்பர். டிரெய்லரில் இடது விளக்கு எரியவில்லை. நீ பச்சைக் குல்லாய் போட்டிருந்தாய். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் நீ அதைத் தயார் செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ எப்போதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்வாய். உன் முதுகு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மெஷினோடு வந்த புத்தகம் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அப்பா என்னை மரவெட்டி முகாமுக்கு அனுப்பினார், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். சைமா வாசிக்கிறாள், ஆனால் அவளுக்கு ஆப்பும் ஆணியும் ஒன்றுதான். ஆகவே எழுது. பனிக்கு இதை எப்படித் தயார் செய்வது? முதலில் இருந்து எழுது.

வில்ஹோ

(சைமா எழுதுவது: ஆப்புக்கும் ஆணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது தவுனோ?)


லேக் வொர்த், ஃப்ளோரிடா
4 நவம்பர் 1996

வில்ஹோவுக்கு,

அண்ணிக்கு இப்படி ஆனது தெரியாது. அவளிடம் சொல், இங்கே ஆரஞ்சு பழுத்ததும் ஒரு பெட்டி அனுப்புகிறேன். அவள் அதைச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்.

மெஷின். கோடை டயர் அகலம், பனிமேல் மிதக்குமே தவிரக் கடிக்காது. கொட்டகையின் பின்சுவரில் ஒடுக்கமான நான்கு டயர் சாய்த்து வைத்திருக்கிறேன், அவற்றை மாட்டு. சங்கிலி ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. அதைப் பின்சக்கரத்தில் போடு. எல்லோரும் முன்னால்தான் போடுவார்கள், நீயும் அப்படித்தான் நினைப்பாய். வெறும் பிளேடோடு நிற்கும்போது மெஷினின் எடை பின்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பிளேடை மாட்டியதும் இரண்டு கைப்பிடியையும் கீழே தள்ளு. தள்ளிவிட்டு இறங்கிப்போய்க் குனிந்து கண்ணால் பார். அடியிலுள்ள இரண்டு ஓட்டையிலும் பிளேடைப் பூட்டும் ஆப்பு வெளியே எட்டிப் பார்க்கவேண்டும். சத்தத்தை நம்பாதே. ஓட்டைக்குள் பனிக்கட்டி இருந்தால் மாட்டிய மாதிரியே சத்தம் வரும்.

பிளேடின் அடியில் இரண்டு இரும்புக் கால்கள் இருக்கும். தரை உறையும்வரை அவற்றை ஒரு விரற்கடை இறக்கி வை. இல்லாவிட்டால் பாதையில் இருக்கும் சரளை முழுவதும் ஓரத்துக்குப் போய்விடும். முதல் பனியைத் தள்ளவே தள்ளாதே. முன்னும் பின்னும் ஓட்டி மிதித்து உறையவிடு, அதுதான் உனக்குத் தரை. இடது மிதியை முன்னால் கடைசிவரை அழுத்தினால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதன்பின் பிளேடு தானாகத் தரையோடு ஏறி இறங்கும், நீ ஒன்றும் செய்யவேண்டாம். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்று. என்ஜினைச் சூடாக்கும் வயரைச் சொருகியே வை. கிளப்பியதும் கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். எண்ணெய் தேனாக இருக்கும்போது மெஷினின் கையைத் தூக்கினால் குழாய் வெடிக்கும்.

இன்னொன்று. ஏப்ரலில் நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. போன மார்ச்சில் எனக்கு இங்கே இடுப்பில் கத்தி வைத்திருந்தபோது, நீ பக்கெட்டால் பனியைத் தள்ளித் தள்ளி, வளைவில் இருக்கும் என் சௌனாச் சுவரில் சாத்தினாய். அப்பா கட்டிய மூலை, நான்கு கட்டை நழுவி நிற்கிறது. உன் பனியில் ஒரு கரண்டிகூட இனி என் நிலத்தில் விழக்கூடாது.

தவுனோ


கார்னா பாதை
17 நவம்பர் 1996

தம்பி தவுனோவுக்கு,

டயர் மாட்டினேன். சங்கிலியைப் பின்னால் போட்டேன். அதை முன்னால் போடத்தான் கை போனது, ஒத்துக்கொள்கிறேன்.

பிளேடை மாட்டினேன். "டக்" என்று கேட்டது. குனிந்து பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் முழங்கால் மடங்கவில்லை, சத்தமும் நல்ல சத்தமாகத்தான் இருந்தது. வாசலைத் தாண்டியதும் பிளேடு ஒரு பக்கமாகக் கழன்று சைமாவின் திராட்சைப் புதர்மேல் படுத்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்து அவள் கேட்டாள், "தவுனோ என்ன எழுதியிருந்தான்?" மறுபடி மாட்டினேன், இந்தத் தடவை பனியில் படுத்துப் பார்த்தேன். இரண்டு ஆப்பும் எட்டிப் பார்த்தன.

முதல் பனியை மிதித்தேன். நல்ல தரையாக உறைந்திருக்கிறது. இப்போது மூன்று தடவை தள்ளிவிட்டேன்.

உன் நிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே. தரை உறையுமுன் தபால் பெட்டியிலிருந்து வீடுவரை எல்லைக் கோட்டில் குச்சி நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். கோடு எங்கே என்று எனக்கு யாரும் காட்டவேண்டாம். ஐம்பத்தொன்றில் அப்பா நிலத்தைப் பிரித்தபோது கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான். அன்று நீ பல்வலி என்று படுத்திருந்தாய். பாதையின் கிழக்கு ஓரம் முடியும் இடத்தில் உன் நிலம் தொடங்குகிறது. பனி முழுவதையும் மேற்கே, என் பக்கமே தள்ளுகிறேன். உன் பக்கம் ஒரு துகள் போகவில்லை. வேண்டுமானால் சைமாவைக் கேள்.

கல்லில் பட்டால் பிளேடு முன்னால் மடிந்து விழுகிறது. அது சரியா, கோளாறா?

வில்ஹோ

(சைமா எழுதுவது: கேட்டால் சொல்லமாட்டேன். நான் இந்த வீட்டில் நோயாளி, சாட்சி அல்ல. ஆரஞ்சு சாப்பிடக் கூடாதாம். மணத்துக்காகவாவது இரண்டு அனுப்பு.)


லேக் வொர்த்
25 நவம்பர் 1996

வில்ஹோவுக்கு,

மடிவது சரிதான். அடியில் ஸ்பிரிங் இருப்பதே அதற்காகத்தான். மடியாவிட்டால் நீ இருக்கையிலிருந்து பறந்துபோய்க் கம்பியில் மூக்கை உடைத்துக்கொள்வாய். அடிக்கடி மடிந்தால் நட்டை இரண்டு சுற்று இறுக்கு, அதற்குமேல் வேண்டாம். ஈரப் பனி பிளேடில் ஒட்டினால் அதைச் சுரண்டிக்கொண்டு நிற்காதே. பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூசும் மெழுகு என் அலமாரியில் இருக்கிறது, நீல டப்பா. பிளேடைத் துடைத்து, காயவைத்து, பூசிவிடு. ரொட்டித் தட்டில் வெண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

மேற்கே தள்ளுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். ஏரி எந்தப் பக்கம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியும். காற்று வரும் பக்கத்தில் கரை எழுப்பினால், காற்று அதில் மோதிச் சோர்ந்து, தூக்கிவந்த பனி எல்லாவற்றையும் கரைக்குப் பின்னால் போட்டுவிடும். கரைக்குப் பின்னால் இருப்பது பாதை. நான் எப்போதும் எந்தப் பக்கம் தள்ளினேன் என்று உன் நல்ல ஞாபகத்தில் தேடிப் பார்.

அதற்கு என் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமானால் கேட்கவேண்டும். சௌனா மூலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேள். நான் ஒன்றும் அரக்கன் இல்லை.

தவுனோ


கார்னா பாதை
15 டிசம்பர் 1996

தம்பி,

மெழுகு நன்றாக இருக்கிறது.

மற்றதைச் சொல்கிறேன். என் பக்கக் கரை இப்போது என் தலைக்குமேல் போய்விட்டது. பிளேடால் அதைத் தள்ள முடியவில்லை. அது இப்போது பனி இல்லை, சுவர். முட்டினால் மெஷின்தான் பின்னால் வருகிறது. காற்று நீ எழுதியபடியேதான் செய்கிறது. நான் காலையில் திறக்கிறேன், மத்தியானம் மூடியிருக்கிறது. முதலில் டிரக் போனது, பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு. அப்புறம் மடக்கியும் போகவில்லை. இப்போது டிரக்கைத் தபால் பெட்டி அருகே நிறுத்திவிட்டேன். சைமாவை பனியில் சறுக்கும் அம்மாவின் உதைவண்டியில் உட்காரவைத்து, கம்பளி போர்த்தி, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகிறேன். அறுபத்தெட்டு வயசில் ராணி மாதிரி இருக்கிறது என்கிறாள். திரும்பும்போது அதைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி மெஷின் அவளைக் கழுவிப் பிழிந்துவிடுகிறது, திரும்பும்போது தலை தொங்கிவிடும். மேட்டில் நான் இரண்டு தடவை நிற்கிறேன். என் நெஞ்சும் உன் நெஞ்சு மாதிரிதான், அப்பா கொடுத்த நெஞ்சு.

நீ அனுமதி கேட்கச் சொல்கிறாய். நான் கேட்கமாட்டேன். மார்ச்சில் உன் பக்கம் தள்ளியது உன் கூரையைக் காப்பாற்றத்தான். உன் வீட்டுக் கூரைமேல் ஏறி நான் சரித்துவிட்ட பனியும் அந்தக் குவியலில் இருந்தது. அதை நீ கேட்கவே இல்லை. வந்ததும் மூலையைப் பார்த்தாய், வாயைத் திறந்தாய். ஒரு கோடு போட்டாய், நான் குச்சி நட்டுவிட்டேன்.

வில்ஹோ

(சைமா எழுதுவது: இதற்கு அடுத்து அவர் சொன்ன வாக்கியத்தை நான் எழுதவில்லை. "எழுதுடி" என்றார். "கை என்னுது" என்றேன். நான் கேட்கிறேன் தவுனோ, உன் நிலத்தில் பனி தள்ளலாமா? இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் தள்ளமாட்டார். அதனால் நீ எனக்குப் பதில் சொல்லிப் பயனில்லை. அவரிடம்தான் சொல்லவேண்டும்.)


லேக் வொர்த்
23 டிசம்பர் 1996

அண்ணன் வில்ஹோவுக்கு,

கூரைப் பனியை நீ சரித்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேனா என்று கேட்டால், பேசியிருக்கமாட்டேன். அன்று எனக்கு இடுப்பும் வலித்தது, சௌனாவும் சாய்ந்திருந்தது. ஆனால் இப்போது தெரியும்.

பிளேடைக் கழற்று. பக்கெட்டை மாட்டு. தள்ள முடியாததை வெட்டி எடுத்துச் சுமந்துகொண்டு போய், உன் கொட்டகைக்குப் பின்னால் கொட்டு. பக்கெட் நிறைந்ததும் எடை முன்னால் போகும், பின்சக்கரம் வழுக்கும். பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்காதே. தூக்கிக்கொண்டு திரும்பினால் கவிழ்ந்துவிடுவாய். மெதுவான வேலைதான். ஆனால் கரை பின்வாங்கும்.

காற்று ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் போட்டால் நீ இரண்டு எடுக்கவேண்டும். பெரிய புயல் வந்தால் இது போதாது. அது உனக்கும் தெரியும்.

கேள் அண்ணா. அவ்வளவுதான். ஏன் இந்த ஒரு வார்த்தை உன் வாயில் வரமாட்டேன் என்கிறது? நீ கேட்காமல் நானாக "தள்ளிக்கொள்" என்றால், ஏப்ரலில் நான் சொன்னது எல்லாம் வெறும் வாய் என்று ஆகிவிடும். ஒரு மயிரிழை நீ நகர்ந்தால் நான் ஒரு மைல் நகர்கிறேன்.

இங்கே கிறிஸ்துமஸுக்கு வேர்க்கிறது. யாரோ பனைமரத்தில் விளக்குக் கட்டியிருக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

தவுனோ


கார்னா பாதை
5 ஜனவரி 1997

தம்பி,

பக்கெட்டை மாட்டினேன். சுமந்தேன். புதுவருஷத்துக்குமுன் பாதை கொஞ்சம் மூச்சுவிட்டது. அப்புறம் காற்று திரும்பி வந்தது. நான் எடுத்ததைவிட அது அதிகம் போட்டது. பின்சங்கிலி ஒன்று அறுந்துவிட்டது. கம்பியால் கட்டி ஓட்டுகிறேன். தள்ள இடமில்லாமல், மறுபடி பிளேடை மாட்டி, வளைவுவரை மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. அவள் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. மூச்சு விட்டால் அடுப்பில் காபிப் பாத்திரம் கொதிக்கிற மாதிரி கேட்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். எழுதாதே, படுத்துக்கொள் என்றால், "படுத்தா மூழ்கிடுவேன்" என்கிறாள். இதை எழுதவேண்டாம் என்று நான் சொன்னேன், அவள் எழுதுகிறாள்.

நாளை திங்கள். எப்படியாவது கொண்டுபோவேன். முதுகில் கட்டிக்கொண்டாவது. அதற்கப்புறம் புயல் வருகிறது என்று ரேடியோ சொல்கிறது. தபால்காரி ஜாய்ஸும் சொன்னாள்: "வில்ஹோ, உன் பெட்டிய தோண்டி வெச்சாத்தான் நான் கடிதம் போடுவேன். வாரக் கடைசில பெட்டியே இருக்குமான்னு தெரியல."

உன் பக்கம் சமமாகக் கிடக்கிறது. சுத்தமான பனி, ஒரு முயல் கால்தடம்கூட இல்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன்.

வில்ஹோ

(சைமா எழுதுவது: எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை)


லேக் வொர்த்
11 ஜனவரி 1997

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அண்ணி பாதியில் நிறுத்தியிருந்ததைப் படித்தேன். டிவியில் வானிலைப் படம் பார்த்தேன், நம் ஏரிக்கரை முழுவதும் வெள்ளை. இன்று காலை, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரியின் ஹாலில் இருக்கும் ஃபோனில் உன் எண்ணைச் சுற்றினேன்.

நான் உன்னோடு பேசவில்லை. அது உனக்கும் தெரியும். நடந்தது எது, நடக்காதது எது என்று பின்னால் சண்டை வேண்டாம். அதனால் எழுதி வைக்கிறேன்.

"யாரு?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. இருமல் வந்துவிட்டது. அது யார் இருமல் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே, அடுத்த ஊருக்குக் கேட்கும்படி அண்ணியிடம் சொன்னாய்: "சைமா, யாரோ கூப்பிட்டுட்டுப் பேசாம நிக்கறாங்க. சரி, நான் உங்கிட்டப் பேசறேன். புதன் போச்சு, வெள்ளி போச்சு. ஆம்புலன்ஸ் தபால் பெட்டிகிட்ட வந்து நிக்குது, உள்ள வர முடியல. பிளேட எங்க வெச்சாலும் பனி மேற்க போகமாட்டேங்குது. கிழக்க தள்ளலாம். அது வேறொருத்தன் நிலம். சைமா, அந்த ஆளு விடுவானான்னு கேட்டுப் பாரேன். மூலை நழுவினது என் தப்புதான்னு சொல்லிக் கேளு."

இங்கே வீட்டுக்காரியின் பூனை என் காலடியில் இருந்தது. அதனிடம் சொன்னேன். "பூனையே, நல்லாக் கேட்டுக்க. கிழக்க தள்ளச் சொல்லு. குச்சி கிச்சி எல்லாத்தையும் சேத்துத் தள்ளச் சொல்லு. முழு உயரத்தையும் ஒரே தடவைல முட்ட வேணாம். பிளேட இடுப்பளவு தூக்கி மேல்பாதிய முதல்ல சீவி, அப்புறம் அடிப்பாதி. பிளேட கிழக்கப் பாத்துத் திருப்பி வெச்சுக்கச் சொல்லு. வளைவுல சௌனா குறுக்க நின்னா, சௌனாவையும் தள்ளச் சொல்லு. சீக்கிரம் சொல்லு." பூனை எழுந்து போய்விட்டது.

நீ ஃபோனை வைக்கவில்லை. மேசையில் போட்டுவிட்டு ஓடினாய். கதவுச் சத்தம். என்ஜின் சத்தம். கொஞ்ச நேரமாவது சும்மா ஓடட்டும் என்று கத்தினேன், நீ நிற்கவில்லை. ஃபோனுக்குப் பக்கத்தில் மூச்சு ஒன்று கேட்டது. நீ எழுதியிருந்த அந்தக் காபிப் பாத்திரம். அண்ணியோடு எனக்குச் சண்டை இல்லை. "அண்ணி" என்றேன். "ம்" என்றாள். "ஏதாவது பேசு தவுனோ" என்றாள். என்ன பேசுவது? ஆரஞ்சு அனுப்பிய கதையைச் சொன்னேன். பனைமரத்தில் விளக்குக் கட்டியதைச் சொன்னேன். சில நேரம் "ம்" வந்தது, சில நேரம் வரவில்லை. வராதபோது நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

என்ஜின் சத்தம் தூரமாகப் போனது. பிறகு கட்டைகள் முறிகிற சத்தம். அப்பா மரம் சாய்க்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம். அப்புறம் என்ஜின் நின்றுவிட்டது. அதன்பின் நெடுநேரம் ஒன்றும் இல்லை. "அண்ணி" என்றேன். "ம்" வரவில்லை. பூட்ஸ் கால்கள் வந்தன, யாரோ ஆட்கள், "இந்தப் பக்கம் தூக்கு, தலைய உயர்த்திப் பிடி" என்றார்கள். ஒருவன் ஃபோனை எடுத்து வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து, அதாவது காலையிலிருந்து, எத்தனை தடவை சுற்றினாலும் உன் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன ஆயிற்று? மெஷின் கவிழ்ந்ததா? உன்மேல் கூரை விழுந்ததா? அண்ணி எங்கே? யாரிடமாவது சொல்லி எழுது. ஒரு வரி போதும்.

தம்பி தவுனோ


தபால் பெட்டி அருகே, கார்னா பாதை
15 ஜனவரி 1997

தம்பி தவுனோ,

இதை ஜாய்ஸ் எழுதுகிறாள், அவள் ஜீப்பில் உட்கார்ந்து. வேலை நேரத்தில் எழுதுவதால் சுருக்கமாகச் சொல் என்கிறாள். உன் கடிதத்தையும் அவள்தான் படித்துக் காட்டினாள். பூனை பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

சைமா இருக்கிறாள்.

நகரத்தில், ஆஸ்பத்திரியில். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மெஷினில் போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். இன்று காலை அரைக் கப் ஓட்ஸ் கஞ்சி குடித்தாள். நான் வாசலில் நின்றபோது கண்ணைத் திறந்து, "அவன் பனைமரக் கத முடியவே இல்ல" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

நடந்ததைச் சொல்கிறேன். நீ பூனையிடம் சொன்னபடியே மேல்பாதியைச் சீவினேன். உன் பக்கம் பனி போனது, தண்ணீர் ஓடுகிற மாதிரி. இவ்வளவு நாள் முட்டிக்கொண்டிருந்த மெஷினா இது என்று இருந்தது. குச்சிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கம்பியால் கட்டிய சங்கிலி மேட்டில் கழன்றது. ஒரு சங்கிலியோடு ஓட்டினேன், மெஷின் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தது.

வளைவில் சௌனா. அங்கே கரையைச் சீவ நேரமில்லை. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு நிற்பது தெரிந்தது. மொத்தமாகத் தள்ளினேன். பனி போய்ச் சுவரில் நின்றது. பின்னால் வந்து மறுபடி தள்ளினேன். நழுவிய மூலைதான் முதலில் போனது. அப்புறம் அந்தச் சுவர். அப்புறம் கூரை, மெதுவாக, உட்காருகிற மாதிரி. ஒரு கட்டை என்னைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டில் விழுந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. என்ஜின் தானாகவே நின்றது. நான் இறங்கவில்லை. என்னால் முடியவில்லை. ஆட்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள்.

சௌனா அடுப்பு நிற்கிறது. கல் எல்லாம் இருக்கிறது. அப்பா முப்பத்தேழில் ஆற்றிலிருந்து எடுத்துவந்த கற்கள், நான்தான் தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன், சக்கரம் கீச்சிட்டது. மற்றது போய்விட்டது. வேறு யாரும் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது, அதனால் நானே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சைமாவை வசந்தம்வரை நகரத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். "பாதை தெறந்திருந்தா வீட்டுக்குப் போறேன்" என்கிறாள். பாதை திறந்திருக்கவேண்டும். இனி வருவதை எங்கே தள்ளட்டும்? கேட்கிறேன்.

வில்ஹோ

(ஜாய்ஸ் எழுதுவது: பெட்டியை நல்லா தோண்டி வெச்சிருக்கார். பதில் வந்தா அன்னைக்கே போட்டுடுவேன்.)


லேக் வொர்த்
21 ஜனவரி 1997

அண்ணா,

படித்தேன். வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன், அவள் பூனைக்கு மீன் வைத்தாள்.

அடுப்புக் கற்களை எடுக்காதே. அங்கேயே இருக்கட்டும். மூடினாலும் பரவாயில்லை, அவை எங்கும் போகாது. உடைந்த கட்டைகளைப் பொறுக்கி உன் அடுப்புக்கு வைத்துக்கொள். எரித்துவிடு, நன்றாகக் காய்ந்த மரம்.

சங்கிலிக்குக் கம்பி கட்டி ஓட்டாதே. கொட்டகையில் என் டிராக்டர் சங்கிலி தொங்குகிறது, அதில் நான்கு வளையம் வெட்டி ஒட்டுப் போட்டுக்கொள். ஆப்பைக் குனிந்து பார். முழங்கால் மடங்காவிட்டால் ஜாய்ஸைப் பார்க்கச் சொல். வயரைச் சொருகியே வை.

மார்ச்சில் பஸ் ஏறுகிறேன். நிறுத்தத்துக்கு அண்ணியையும் அழைத்து வா. அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டால் வீடு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் அவளிடம் பேசிக்கொண்டு வரலாம்.

எங்கே தள்ளுவது என்று கேட்டாய். வளைவில், கிழக்கே. சௌனா நின்ற இடம் இப்போது நல்ல அகலமாக இருக்கும். காற்றும் அங்கே வராது. இந்தக் குளிர்காலத்தில் விழுகிற பனி முழுவதையும் போட்டாலும் அந்த இடம் நிறையாது.

தவுனோ